பைலட் காக்கா

அவர் சைக்கிளில் ஏறுவதைப் பார்ப்பதற்கென்றே எங்கள் கடைக்கு எதிரே தேநீர்க்கடை வாங்குப் பலகையில் ஆட்கள் இருப்பார்கள். முதலில் சைக்கிளை ஒரு தடவை சுற்றி வருவார். முன் டயரைப் பெருவிரலால் அமுக்குவார், பிறகு பின் டயரை. இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்ப்பார். குனிந்து செயினைப் பார்ப்பார். ஹேண்டிலை இடமும் வலமும் திருப்புவார். கடைசியாக வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு ஏறிப் போவார். போகிற இடம் அரை மைல் தள்ளியிருக்கும் மீன் சந்தை.

"காக்கா, இன்னும் கொஞ்சம் வேகமா மிதிச்சா பறக்கும்" என்று யாராவது சத்தம் வைப்பார்கள்.

"பறக்காது" என்பார் சிரிக்காமல். "இதுக்கு இறக்கை இல்ல."

முதலில் ஊர் அவரை 'பைலட் ஹாஜியார்' என்றுதான் கூப்பிட்டது. வயது ஐம்பதைத் தாண்டி, வெள்ளைச் சட்டையும் போட்டு, மரியாதையாகவும் இருந்தால் எங்கள் பக்கத்தில் ஹாஜியார் என்று கூப்பிடுவது வழக்கம். அவர் விடவில்லை. கூப்பிட்ட ஒவ்வொருவரையும் நிறுத்தி, "நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகல்ல, அப்பிடிக் கூப்பிடாதீங்க" என்று சொன்னார். மீன் விற்பவரிடம் சொன்னார், சலூன்காரரிடம் சொன்னார், பள்ளிவாசல் தலைவரிடமும் சொன்னார். மூன்று நான்கு மாதத்தில் ஊர் களைத்துப்போய், அண்ணன் என்கிற முறையில் 'பைலட் காக்கா' என்று மாற்றிக்கொண்டது. பைலட் என்பதை அவர் மறுக்கவில்லை. அது உண்மை.

எங்கள் கரையிலிருந்து கடற்படைக்கு அதிகாரியாகப் போன ஆட்கள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு. அவர் பத்தொன்பது வயதில் போனவர். கப்பலில் சில வருடம் இருந்தபின், கடலை மேலிருந்து கண்காணிக்கும் சிறிய விமானங்களை ஓட்ட அவரைத் தெரிவு செய்தார்கள். கரையோரமாகப் பறந்து, கண்ட கப்பல், கண்ட படகு, கண்ட காற்று எல்லாவற்றையும் குறித்துக் கொடுப்பது வேலை. பிறகு ஓய்வு வயதுக்கு முன்பே விலகி, மனைவியின் ஊரான கல்முனைக்கு வந்து சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை.

நான் அவரை அறிந்தது டைப்ரைட்டரின் முன்னால் இருந்துதான். கல்முனை நீதிமன்றத்துக்குப் போகிற வீதியில், சத்தியக்கடதாசியும் மனுவும் அடித்துக் கொடுக்கும் சிறிய கடையில் எனக்கு வேலை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. போர் நடந்துகொண்டிருந்ததால் கடலுக்குப் போக நேரக்கட்டுப்பாடு இருந்தது. நன்றாக விடிந்த பிறகுதான் வள்ளம் தள்ளலாம், பொழுதுபட முன் கரைக்கு வந்துவிட வேண்டும். அந்த நேரத்தைக் கூட்டிக் கேட்க மீனவர்கள் ஒரு மனு எழுத நினைத்து, படித்த மனிதர் என்று அவரை அனுப்பினார்கள்.

அவர் கொண்டுவந்த எழுத்தில் சூடு போதாது என்று நினைத்து, நான் வழக்கமாகச் சேர்க்கும் வரியைச் சேர்த்து அடித்தேன். 'நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருக்கின்றன.' அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்துக்கொண்டு வந்தவர், அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இது ஆர் சொன்னது, தங்கச்சி?"

"எல்லா மனுவிலயும் அப்பிடித்தான், சேர், போடுற."

"மடிஞ்ச ஆளக் கண்டீங்களா?"

"இல்ல."

"நானும் காணல்ல. எடுத்திருங்க."

மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தார். மீனவர் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போயிருக்கிறார். எந்த எந்த வீட்டில் அன்று அடுப்பு ஒரு தடவை மட்டும் எரிந்தது, எந்த வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை என்று ஒரு கொப்பியில் எழுதியிருந்தார். அதை மட்டும் அடிக்கச் சொன்னார். அலங்காரம் ஒரு சொல் இல்லை. அடித்து முடித்ததும் எனக்கு அது மனு மாதிரியே தெரியவில்லை. ஆனால் அந்தக் கடதாசிக்குத்தான் ஒரு மணித்தியாலம் கூடுதலாகக் கிடைத்தது. அதுவரை நான் அடித்த 'மடிந்துகொண்டிருக்கும் குடும்பங்கள்' ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை.

அதற்குப் பிறகு அடிக்கடி வருவார். யாராவது ஒருவரின் பிரச்சினையோடு வருவாரே தவிர, தன் விசயமாக ஒருநாளும் வந்ததில்லை. சொல்லுகிறவரை எதிர்க் கதிரையில் இருத்தி, ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்திக் கேட்பார். "இது நீங்க கண்டதா, கேள்விப்பட்டதா?" கண்டது ஒரு பந்தியில் போகும். கேள்விப்பட்டது வேறு பந்தியில் போகும். இரண்டையும் கலக்க விடமாட்டார். வந்தவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். நெஞ்சு கொதித்து வந்தவனை நிறுத்தி, "எத்தின பேர்? நீங்க எண்ணினீங்களா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதிபர் அறிமுகம் செய்யும்போது உற்சாகத்தில், எதிரிக் கப்பல்களை மூழ்கடித்த வீரர் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் எழும்பி வந்து, கைதட்டல் ஓயும்வரை நின்றார்.

"நான் ஒரு கப்பலையும் மூழ்கடிக்கல்ல" என்றார். "ஒரு குண்டும் சுடல்ல. அநேகமா கடலப் பாத்துக்கொண்டு பறந்ததுதான் என்ட வேலை. திமிங்கிலம் கண்டிருக்கன். தாயும் குட்டியுமா. அது உண்மை."

பிள்ளைகள் சிரித்து இன்னும் பெரிதாகக் கைதட்டினார்கள். அதிபரின் முகம்தான் சுருங்கிப்போனது. அடுத்த வருடம் வேறு ஆளை அழைத்தார்கள்.

அவருடைய மனைவி கலகலப்பான பெண். கடிதம் அடிக்க வந்த ஒருநாள் என்னிடம் சொன்னா: "இவரோட குடும்பம் நடத்துற கோர்ட்டில குடும்பம் நடத்துற மாதிரி, புள்ள. கறி ருசியா எண்டு கேட்டாலும் யோசிச்சிட்டுத்தான் சொல்லுவார். ஆனா ஒண்டு, நல்லாரிக்கி எண்டு சொன்னாரெண்டா அண்டைக்கி நான் ராசாத்திதான்."

தினமும் சுபஹு தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்ததும், பழைய தூரக்கண்ணாடி ஒன்றோடு கடற்கரையில் நிற்பார். கடலுக்குப் போகிறவர்கள் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். "பின்னேரம் காத்து கூடும், முந்தி வந்திருங்க" என்பார். "இண்டைக்கிப் பிரச்சினை இல்ல" என்பார். சில நாட்களில், "எனக்குத் தெரியல்ல" என்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் அவருக்கு ஒரு துளி வெட்கமும் இருக்கவில்லை. "எனக்குத் தெரியல்ல எண்டு சொல்லக் கூடியவனத்தான் நான் விமானத்தில பக்கத்தில ஏத்துவன்" என்று ஒருமுறை கடையில் வைத்துச் சொன்னார்.

அந்த 'தெரியல்ல' ஒருநாள் என் குடும்பத்துக்குள் வந்து விழுந்தது.

எனக்கு ஒரேயொரு தம்பி. கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி பெண் வீட்டோடு சாய்ந்தமருதில் இருந்தான். ஒரு வயதுப் பெண்பிள்ளை. மச்சிக்கு, அதாவது அவன் மனைவிக்கு, இருபத்திரண்டு வயது. ஒரு மார்கழி மாதம், வாடைக்காற்று நாட்களில், மழை இரண்டு நாள் விட்டிருந்தது. தம்பியும், அவனோடு தொழில் செய்யும் வயதான ஒருவரும் காலையில் வள்ளம் தள்ளினார்கள். மத்தியானம் காற்று எழும்பியது. போன மற்ற வள்ளங்கள் எல்லாம் திரும்பின. அவர்களுடையது வரவில்லை.

மூன்றாம் நாள் பைலட் காக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே, அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டு, உம்மாவிடம் சொன்னார்.

"ராத்தா, ஒங்கட மகன் அண்டைக்கிக் காலையில என்னட்டக் கேட்டார், கடல் எப்பிடி எண்டு. எனக்குத் தெரியல்ல எண்டன். மேகம் ஒரு மாதிரி இருந்திச்சி. ஆனா நிச்சயமாச் சொல்ல ஏலாம இருந்திச்சி. அதத்தான் சொன்னன். இத நீங்க என்னட்ட இருந்து அறியோணும்."

யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே வந்து சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். போகாதே என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தம்பி போயிருக்கமாட்டான். அதைத் தவிர வேறு ஒன்றும் அப்போது எனக்கு ஓடவில்லை.

மாதங்கள் போயின. உம்மாவுக்கு ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். இந்தியாக் கரைக்கு அடைந்து அங்கே சிறை மறியலில் இருக்கிறான் என்றார் ஒருவர். மாலைதீவுக் கப்பல் ஒன்று ஏற்றிக்கொண்டு போனதாம் என்றார் இன்னொருவர். தண்ணீர் ஓதிப் பார்த்த ஒருவர், உயிரோடு இருக்கிறான், மேற்கே தலைவைத்துப் படுத்திருக்கிறான் என்றார். உம்மா ஒவ்வொன்றையும் கேட்டாள். நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பின்னேரமானால் அவனுக்கும் சேர்த்து ஒரு பிடி அரிசி போட்டாள்.

மச்சியின் நிலைமைதான் பார்க்க முடியாதது. கணவன் இருக்கிறவளுமில்லை, கணவன் மௌத்தாகி விதவையானவளுமில்லை. கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் இத்தா இருக்கவும் ஏலாது, வேறு வாழ்க்கையை நினைக்கவும் ஏலாது. கலியாண வழக்குகளைத் தீர்க்கும் காதியாரிடம் போனார்கள். கண்ட சாட்சி ஒன்றாவது வேண்டும் என்றார் அவர்.

எங்கள் மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. அன்று காலையில் தூரக்கண்ணாடியோடு கரையில் நின்றவர் பைலட் காக்கா. அவர் கண்டேன் என்று கையெழுத்து வைத்தால் கேள்வி கேட்க யாரும் இல்லை. கடதாசியை நான்தான் அடித்தேன். 'மேற்படி வள்ளம் அலையில் அகப்பட்டுக் கவிழ்ந்து மூழ்கியதை நான் கரையிலிருந்து தூரக்கண்ணாடியினூடாகக் கண்டேன்.' என் கையால், ஒரு பிழையும் இல்லாமல் அடித்தேன்.

அவர் கடைக்கு வந்ததும் மாமா கதிரையை இழுத்துப் போட்டார். நான் கடதாசியை முன்னால் வைத்தேன். ஒரு தரம் வாசித்தார். பேனையைச் சட்டைப் பையில் இருந்து எடுக்கவேயில்லை.

"தங்கச்சி, இதில நான் கண்டது ஒண்டுமில்லயே."

"ஒரு பொண்ணுட வாழ்க்கை, காக்கா" என்றார் மாமா. "புள்ளையையும் வெச்சிக்கொண்டு எத்தின வருசத்துக்கு வாசலப் பாத்துக்கொண்டிரிப்பா? ஒங்கட ஒரு கையெழுத்துத்தான்."

"நாளைக்கி அவர் வந்து நிண்டா?"

"வரமாட்டான் எண்டு ஒங்களுக்கே தெரியும்."

"தெரியா" என்றார். பிறகு மிகவும் மெதுவாக, "என்ட கையெழுத்தால ஒரு மனிசன் மௌத்தாகக் கூடாது" என்றார்.

 வயதில் மூத்த மனிதர், நான் சேர் என்று கூப்பிடுகிறவர் என்பதெல்லாம் மறந்துபோனது.

"கடல் எப்பிடி எண்டு அவன் கேட்ட நேரமும் தெரியா எண்டீங்க. இப்பயும் தெரியா எண்டுறீங்க. அப்ப என்னத்துக்கு இத்தின வருசம் மேலால பறந்தீங்க?"

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழும்பி, கதிரையை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார். மாமா அந்தக் கடதாசியைக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

அடுத்த கிழமையிலிருந்து அவர் தெற்கே போகத் தொடங்கினார்.

அது எங்களுக்கு நீண்ட நாள் தெரியாது. அவருடைய மனைவிதான் அழுதுகொண்டு வந்து சொன்னா. மார்கழியில் கரையோர நீரோட்டம் தெற்கே இழுக்கும், எதுவும் ஒதுங்கினால் அந்தப் பக்கம்தான் ஒதுங்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். சைக்கிளை பஸ்ஸின் மேலே ஏற்றிக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போய், அங்கிருந்து மிதித்து, கரையோரக் கிராமங்களில் ஒவ்வொரு மீன்வாடியாக விசாரித்திருக்கிறார். முஸ்லிம் ஆட்கள் திருக்கோவில் பக்கம் போகப் பயந்த காலம் அது. தமிழ் ஆட்கள் இந்தப் பக்கம் வரப் பயந்த காலமும் அதுதான். சோதனைச் சாவடியில் ஒரு தடவை ஒரு பகல் முழுக்க இருத்தி வைத்தார்களாம். பழைய அதிகாரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அவர்கள் என்ன வேலை என்று கேட்டதற்கு, "இப்ப ஒரு வேலையும் இல்ல" என்று சொல்லியிருக்கிறார்.

முதலில் ஒரு பலகை கிடைத்தது. தம்பியின் வள்ளத்து நீலப் பெயின்ற், அதன் பாதி இலக்கம். மாமா அதைப் பார்த்து, இது போதும்தானே என்றார். "வள்ளம் உடைஞ்சதுக்கு இது சாட்சி. ஆளுக்கு இல்ல" என்றார் அவர். மறுபடியும் போனார்.

தேடத் தொடங்கிய நாலாம் மாதம், ஒரு காலை, அவர் கடைக்குள் வந்தார். பின்னால் மெலிந்த, கறுத்த, நாற்பது வயது மதிக்கக்கூடிய ஒருவர் வந்தார். நெற்றியில் திருநீறு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமோ என்று நின்றார்.

"தங்கச்சி" என்றார் பைலட் காக்கா, "இவர் திருக்கோவில் பக்கம் தொழில் செய்யிறவர். ஒங்கட தம்பிட விசயம். இத வேற ஆரும் அடிக்கட்டும். நீங்க எழும்பிப் போங்க."

"நான் அடிக்கிறன்" என்றேன்.

அந்த மனிதர் சொன்னதை அவர் ஒவ்வொரு வசனமாகக் கேட்டுச் சொன்னார். நான் அடித்தேன். 'காலை பத்து மணி போல் கவிழ்ந்த வள்ளம் ஒன்றைக் கண்டேன். நீல நிறம். ஒருவர் அதன் மேல் குப்புறப் படுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். இளம் ஆள், தாடி, மஞ்சள் பனியன். வேறு ஒருவரையும் காணவில்லை.' தம்பி தன் விளையாட்டுக் கழகத்தின் மஞ்சள் பனியனோடுதான் போயிருந்தான். தொலைந்ததற்கு அடுத்த நாள் காலை அது. ஒரு பின்னேரமும் ஓர் இரவும் அவன் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

'அவர் கையைத் தூக்கிக் கூப்பிட்டார்' என்று அடித்தேன்.

அந்த மனிதர் நிறுத்திவிட்டார். கைகளைப் பிசைந்தார். "ஐயா, நான் கிட்டப் போகல்ல. கடல் அப்பிடிக் கிடந்திச்சி. என்ட மகன்மார் ரெண்டு பேரும் என்னோட தோணியில நிண்டவங்க. கிட்டப் போனா நாங்களும் கவிழுவம். கரைக்கி ஓடி, பெரிய வள்ளம் ரெண்டு கூட்டிக்கொண்டு திரும்பப் போனம். ஆளையும் காணல்ல, வள்ளத்தையும் காணல்ல. இது... கிட்டப் போகாதது... அதுவும் போடணுமா ஐயா?"

"ஓம்" என்றார் அவர். "கண்டதப் போடுவம். கிட்டப் போகாததப் போடுவம். ஏன் போகல்ல எண்டதயும் போடுவம். திரும்பிப் போய்த் தேடினதயும் போடுவம். ஒண்டும் விட மாட்டம்."

அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, போடுங்க என்றார். நான் அடித்து முடித்தேன். கீழே திகதியும் போட்டேன். பிறகு பின்பக்கம் போய்க் கிணற்றடியில் இருந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் அவர் உம்மாவிடம் வந்தார். வள்ளத்தின் மேல் கண்டது, அடுத்த நாள் காலை, கை தூக்கியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். உம்மா முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கஷ்டப்பட்டானா, தம்பி?"

நான் அவரைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினேன். இல்லை என்று சொல்லுங்கள். ஒரு சொல். யாருக்கு என்ன நட்டம்?

"ஓம், ராத்தா" என்றார். "கஷ்டப்பட்டார்."

நான் எழும்பி, அவரை வெளியே போகச் சொன்னேன். என் வீட்டு வாசலில் வைத்து, அக்கம்பக்கம் கேட்க, மனிசனா நீங்க என்று கேட்டேன். அவர் போய்விட்டார். உம்மா அன்று பின்னேரம் அந்த ஒரு பிடி அரிசியைப் போடவில்லை. அதைக் கண்டுதான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

மச்சி இத்தா இருந்தாள். இரண்டு வருடத்தில் அவளுக்கு இன்னொரு வாழ்க்கை அமைந்தது, நல்ல மனிதர். தம்பியின் மகள் அவரை வாப்பா என்று கூப்பிடுகிறாள். எல்லாம் அந்தக் கடதாசியால் நடந்தது. நான் அவரோடு ஏறக்குறைய ஒரு வருடம் கதைக்கவில்லை. கடைக்கு வருவார், சொல்லுவார், அடிப்பேன், கொடுப்பேன். சேர் என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டேன்.

அவரை விடாமல் வைத்திருந்தது உம்மாதான். மாதத்தில் ஒன்றிரண்டு தடவை ஆள் அனுப்பி அவரைக் கூப்பிடுவாள். அவர் வந்து வெளியறையில் இருப்பார். உம்மா, அந்த நாளில் காற்று எந்தப் பக்கம் இருந்தது, வெயில் இருந்ததா, மழை பெய்ததா என்று கேட்பாள். தெரிந்ததைச் சொல்லுவார். தெரியாததைத் தெரியாது என்பார். ஒருநாள் நான் பொறுக்க முடியாமல், ஏன் அந்த மனிசனையே கூப்பிடுறீங்க என்று கேட்டேன்.

"மத்தவங்கெல்லாம் எனக்கு நல்லாரிக்கட்டும் எண்டு கதைக்கிறாங்க, புள்ள" என்றாள். "என்ட மகனப் பத்திக் கதைக்கிற ஆள் இவர் ஒருத்தர்தான்."

அவர் மௌத்தானது தொண்ணூறுகளின் கடைசியில். மாரடைப்பு. மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் இருந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். பெரிய ஜனாஸா. பாண்டிருப்பிலிருந்தும் காரைதீவிலிருந்தும் தமிழ் ஆட்கள் வந்து வீதியோரம் நின்றார்கள். நான் அவரிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுபடியும் சேர் என்று கூப்பிடத் தொடங்கினேன், அவ்வளவுதான். அதை அவர் கவனித்திருப்பார் என்று நினைக்கிறேன். எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

நான் அவரை மறுபடி சேர் என்று கூப்பிட்டது ஒரு பயணத்துக்குப் பிறகு. தம்பி போய் இரண்டாம் வருடம், அவன் கடைசியாகக் காணப்பட்ட இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள் உம்மா. யார் தடுத்தும் கேட்கவில்லை. அவர் ஒரு வேன் பேசினார். அவரும் உம்மாவும் நானும் போனோம். நாலு மணிக்கு முன் சோதனைச் சாவடியைத் தாண்டித் திரும்பிவிட வேண்டும் என்று சாரதி புறப்படும்போதே சொன்னார்.

திருக்கோவிலுக்குத் தெற்கே, கரையில் அந்த மனிதர் எங்களுக்காக நின்றார். தோணியைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் நின்றார். உம்மா மணலில் கால் புதையப் புதைய நடந்து அவரிடம் போனாள். இந்த மனிதரிடம் என்ன கேட்பாள் என்று நான் வழி முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன்.

"மகன்மார் ரெண்டு பேரும் சுகமா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

அந்த மனிதர் தோணியின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். உம்மா அவருடைய முதுகைத் தொடவில்லை, எங்கள் வழக்கம் அது இல்லை. ஆனால் அவர் அழுது முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு பைலட் காக்காவைப் பார்த்து, எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவர் சூரியனைப் பார்த்து, கடலைப் பார்த்து, கையை நேராக நீட்டிக் காட்டினார். உம்மா அந்தப் பக்கம் திரும்பி நின்று கையேந்தி ஓதினாள்.

முடித்ததும் அவர் கதைத்தார். அவர் ஏன் படையை விட்டு வந்தார் என்பதை நான் அன்றுதான் கேட்டேன். ஒரு புயலுக்கு அடுத்த நாள், தேடப் பறந்திருக்கிறார். கரையிலிருந்து வெகு தூரத்தில், கவிழ்ந்த படகு ஒன்று. அதன் மேல் ஒரு மனிதன். தாழப் பறந்து இரண்டு தடவை சுற்றியிருக்கிறார். மிதவை ஒன்றைப் போட்டார், அது எட்டவில்லை. எண்ணெய் முடிகிற அளவுக்கு வந்ததும் திரும்ப வேண்டியிருந்தது. அவர் சொன்ன இடத்துக்குக் கப்பல் பிந்தித்தான் போனது. படகு மட்டும் இருந்தது. பிந்தின குற்றம் அந்தக் கப்பலில் இருந்த தன் நண்பர் மேல் வராமல் இருக்க, மேலதிகாரி ஒருவர், ஆள் இல்லாத படகைக் கண்டேன் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்.

"நான் எழுதல்ல" என்றார். "உயிரோட ஒரு ஆளக் கண்டன் எண்டுதான் எழுதினன். அதுக்குப் பொறகு என்னப் பறக்க விடல்ல. கந்தோரில ஒரு மேசைக்குப் பின்னால இருத்தினாங்க. நான் விலகிட்டன். அந்த மனிசன் அங்க இருந்தான் எண்டதுக்கு வேற ஒண்டும் இல்ல, ராத்தா. அந்தக் கடதாசி மட்டும்தான். அதில இல்லயெண்டா அவன் இல்லவே இல்ல எண்டு ஆகிரும்."

உம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"அவர் ஒங்களக் கண்டாரா?"

"கண்டார். கை காட்டினார். நானும் இறக்கையச் சரிச்சுக் காட்டினன். அது எங்கட பாசையில, கண்டுட்டன் எண்டு சொல்லுற."

"அப்ப தனியா மௌத்தாகல்ல" என்றாள் உம்மா. "ஒரு ஆள் கண்டுட்டார் எண்டு தெரிஞ்சிதான் போயிரிக்கார். என்ட மகனும் அப்பிடித்தான்."

 எத்தனையோ பேரின் கண்ணீரை நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்ட மனிதர், மணலில் குந்தி இருந்துவிட்டார். அவர் அழுததை நான் அந்த ஒரு தடவைதான் கண்டேன்.

"அவர்ட பேர் என்ன, தம்பி?"

"தெரியா, ராத்தா. எவ்வளவோ விசாரிச்சன். எந்த ஊர், எந்த மார்க்கம் எண்டும் தெரியா."

"பரவால்ல" என்ற உம்மா மறுபடியும் கடலின் பக்கம் திரும்பிக் கைகளை ஏந்தினாள். திருநீறு பூசிய அந்த மனிதரும் தோணியை விட்டு வந்து, கைகளைக் கூப்பிக்கொண்டு எங்கள் பக்கத்தில் நின்றார்.

மேலே றோட்டில் சாரதி ஹோர்ன் அடித்தார். நேரம் போகிறது. பிறகு இன்னொரு தடவை, நீளமாக அடித்தார். நான் உம்மாவின் முழங்கையைத் தொட்டேன்.

"நிக்கட்டும்" என்றாள் உம்மா, கண்ணைத் திறக்காமல். "இன்னும் முடியல்ல."